முப்பது முழ அடுப்படி

திரையை அவர்தான் விலக்கினார்.

அதற்கு முன் அந்தத் திரைக்கு எதிரே பதினான்கு தடவை நின்றிருக்கிறேன். பதினான்கு என்பது சரியான கணக்கு. என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. பதினான்கு தடவையும் அது மூடியே இருந்தது. பழைய பாய்மரத் துணியில் தைத்த கனத்த திரை. கீழ் ஓரம் கரியும் எண்ணெயும் ஏறி விறைத்துப் போயிருக்கும்.

பதினைந்தாவது தடவை, காலை பத்து மணி இருக்கும், உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கிராணியாரே, அங்கேயே நின்னா எப்படி? உள்ள வந்து பாருங்க.”

“இங்கிருந்தே கேட்டுக்கிறேன், சொல்லுங்கக்கா.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. பாக்கத்தான் இருக்கு.”

திரை விலகியது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் குனிந்தபடி கதீஜா பீவி நின்றார். ஆறு மாதமாக எனக்குக் குரலாக மட்டுமே தெரிந்த மனுஷி. முக்காட்டை ஒரு கையால் இழுத்து விட்டுக்கொண்டு, மறு கையை நீட்டி அடுப்படியின் கோடியைக் காட்டினார். கடைசி அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே, ஈரத் தரையில், புதிதாக அறுத்த மரமுளை ஒன்று நின்றது. தலையில் சிவப்புச் சாயம். பின்சந்துக்குக் கோடு போட வந்தவர்கள் அன்று காலை அடித்துவிட்டுப் போனது.

நான் முளையைப் பார்க்குமுன் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் நடந்தது முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. வாசகர்களுக்கு விளங்க வேண்டுமானால் ஆறு மாதம் பின்னே போக வேண்டும்.

பதினாறா, பதினேழா

போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இதே பத்தியில் கடற்கரைப் பக்கத்துப் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றின் மாடிப்படிகள் பதினாறு என்று எழுதியிருந்தேன். பதினேழு என்று கெப்பாலா பத்தாஸிலிருந்து ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். கட்டடம் இப்போது இல்லை. போய் எண்ணிப் பார்க்க வழியில்லை. அடியிலிருந்த கருங்கல்லை அவர் ஒரு படியாகச் சேர்த்திருப்பார், நான் சேர்க்கவில்லை என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். அந்தச் சமாதானம் பகலில் நிற்கிறது, படுத்தால் நிற்பதில்லை.

எண்ணுவதில் எனக்கு ஏதோ இன்பம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இன்பமெல்லாம் இல்லை. சிலருக்கு இருமல் இருக்கிறது, எனக்கு இது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜெப நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க நான் ஜன்னல் பலகைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு ஜன்னலுக்கு இருபத்திரண்டு. சர்வேயர் ஆபீஸ் ஒன்றில் பிளான் வரையும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, அமர்ந்தபோது, இந்த நோய்க்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன்.

இப்போது பினாங்கில் டிராம் தண்டவாளங்களைப் பெயர்க்கிறார்கள். நேற்று மாலை நின்று பார்த்தேன். நாற்பத்துநான்கு கட்டை வரை எண்ணினேன், கால் வலித்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காப்பாற்றியவன்

இந்தக் கதையை எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு சங்கத்தில் என்னை மேடையேற்றி மாலை போட்டார்கள். பழைய வீடுகளையெல்லாம் இடித்துச் சிமென்டில் கட்டிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், பள்ளிவாசல் பக்கத்துப் பழைய வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர் இவர் என்று ஓர் இளைஞர் நல்ல தமிழில் பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. மாலையில் முப்பத்தெட்டு ரோஜா இருந்தது.

அந்த வீடு இன்றும் நிற்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் மதிலின் மூலையிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு அடி வைத்து நடந்தால் இடது கைப் பக்கம் வரும். கால் நூற்றாண்டுக்கு முன் நான் முதலில் பார்த்தபோதே அது கிழவீடு. கப்பல் வைத்து வாணிபம் செய்த ஒருவர், ஊரில் கல் வீடு அபூர்வமாக இருந்த நாளில் கட்டி, பிறகு தர்மத்துக்கு எழுதிவைத்தது. முன்னே கூடம், நடுவே மழை நேராக உள்ளே விழும் முற்றம், அதைச் சுற்றி எட்டுத் தூண்கள், அப்புறம் ஓர் அறை, அதற்கப்புறம் அந்தத் திரை. திரைக்குப் பின்னால் கோடிவரை ஒரே நீள அடுப்படி.

அடுப்படி கதீஜா பீவியுடையது. விதவை. வாடகைக்கு இருந்தார். விடியுமுன் ஐந்து அடுப்பில் சோறும் குழம்பும் ஏறும். ஒன்பது பேர் காவடி போலத் தோள்தடியில் இரண்டு கூடையைத் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்கும் பசாருக்கும் தூக்கிப் போய் விற்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் அவரை ‘ராத்தா’ என்பார்கள். அக்காவுக்கு அவர்கள் சொல். ஐந்து அடுப்புக்கும் தண்ணீர், கோடியிலிருந்த கிணறு. அந்தக் கிணறு இல்லாவிட்டால் தெருமுனைக் குழாய்தான். அதில் விடியுமுன் நூல்போல வரும், அதற்கும் வரிசை நிற்கும்.

தர்மச் சொத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மரைக்காயர். கெட்டவர் அல்ல, களைத்தவர். கூரை ஒழுகுகிறது, மேற்குச் சுவர் வயிறு தள்ளிவிட்டது, பழுது பார் அல்லது இடி என்று நகரசபை நோட்டீஸ் வந்ததும், இடித்துவிட்டு இரண்டு மாடிக் கடை கட்டலாம் என்றுதான் அவர் மனசு போயிற்று. கடை வந்தால் கதீஜா பீவிக்கு அங்கே இடமில்லை. அவரும் ஒன்பது பேரும் மரைக்காயர் வாசலில் போய் நின்று, பழுதே பார்ப்போம் என்று சம்மதிக்க வைத்தார்கள்.

பழுது பார்க்க ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. பின்வாசல் கிடையாது. கழிவு வாளியைக்கூட முன்கூடம் வழியாகத்தான் தூக்கிப் போவார்கள், விருந்தாளி உட்கார்ந்திருந்தாலும். அதனால் நடுவே ஒரு பின்சந்து வெட்டத் தீர்மானித்தார்கள். சந்து வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. அது நல்ல காரியம். தெருவிலிருந்து நூற்று ஆறாவது அடியில் சந்தின் கோடு. வீடு அந்தக் கோட்டுக்குள் அடங்கினால் பழுது பார்க்கலாம். தாண்டினால் அனுமதி கிடையாது, இடிக்க வேண்டியதுதான்.

ஆகவே வீட்டின் நீளம் எத்தனை அடி என்பதுதான் கேள்வி. அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

தென்னை மரம் வரை

பத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தேன். “பின்னால் தென்னை மரங்கள் வரை” என்று இருந்தது. தென்னை மரங்கள் போய் அறுபது எழுபது வருஷமாகியிருக்கும். எத்தனை மரம் என்றுகூட எழுதவில்லை.

பின்வீடுகளின் பக்கமிருந்து அளக்கலாமென்றால், அவை பூட்டிக் கிடந்தன. உள்ளே புகுந்துதான் அளக்க வேண்டும்.

என்னிடம் அப்போது ஆபீஸ் நாடா ஒன்று இருந்தது. சீமையிலிருந்து வந்தது, ஐம்பது அடி, துணிக்குள் பித்தளைக் கம்பி ஓடும், தோல் உறை. பெட்டி பிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன். தெரு ஓரத்திலிருந்து திரை வரை அளந்தேன். அறுபது அடி. மறுபடி அளந்தேன். அறுபது அடி.

திரைக்கு முன் நின்றேன். உள்ளே பெண் குரல் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம். முஸ்லிம் வீடு, திரை போட்டிருக்கிறது, பெண்கள் புழங்கும் இடம். அந்நிய ஆண் நுழையலாமா? இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தேன்.

“பின்கட்டோட நீளம் வேணும்,” என்றேன் திரையைப் பார்த்து.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, “எதால அளக்கணும்?” என்று கேட்டது குரல்.

நாடாவின் நுனியை உள்ளே நீட்டியிருக்கலாம். திரைக்கு அடியில் தெரிந்த தரையைப் பார்த்தேன். ஈரம். மீன் செதில். கரி.

“உங்க முழத்தால அளந்து சொன்னாப் போதும்,” என்றேன்.

ஒரு முழம் ஒன்றரை அடி

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கயிற்றை எடுத்து முழம் போட்டுக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனார். நானும் கூடவே எண்ணினேன். அடுப்புகளைச் சுற்றி வளையாமல் சுவர் ஓரமாகவே போகச் சொன்னேன். முப்பது.

“மறுபடி ஒரு தடவை, சிரமம் பாக்காம.”

மறுபடியும் முப்பது.

ஒரு முழம் ஒன்றரை அடி. பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. முப்பது முழம் நாற்பத்தைந்து அடி. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் நாற்பத்தைந்துதான் வந்தது. முன்னே அறுபது, பின்னே நாற்பத்தைந்து, ஆக நூற்று ஐந்து. கோடு நூற்று ஆறில். ஓர் அடி மிச்சம்.

“என் கிணறு தப்புமா?” என்று கேட்டார்.

“தப்பும் அக்கா. ஒரு அடி மிச்சமே இருக்கு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எதிர்ச் சந்துல ஒரு வீடு காலியாக் கெடக்கு, கிணத்தோட. இது போகுதுன்னா அதைப் பிடிக்கணும். நாளைக்குள்ள சொல்லணும் அவங்களுக்கு.”

“அதெல்லாம் வேண்டாம். கணக்கு சரியா இருக்கு.”

அவர் அந்த வீட்டை விட்டுவிட்டார். அடுத்த வாரமே அதில் ஒரு சாயப்பட்டறை வந்துவிட்டது.

ஒன்றைக் குறிக்க வேண்டும். அன்றைக்கும், அதற்குப் பின் நான் போன ஒவ்வொரு தடவையும், திரைக்கு வெளியே எனக்கு ஓர் இளநீர் வரும். வெட்டாமல் வரும், பக்கத்தில் ஓர் அரிவாளோடு. நானே வெட்டிக் குடிப்பேன். பினாங்கு வெயிலுக்கு ஏற்ற உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து அடி மரம் மூன்று

பிளானுக்கு அனுமதி வந்தது. வேலை முடிந்தபின் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து ஒத்துப் பார்ப்பார் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. வேலை தொடங்கினோம்.

கன்ட்ராக்டர் ஆ பெங் என்கிற சீனத் தௌக்கே; தௌக்கே என்றால் முதலாளி. தமிழும் மலாயும் கலந்து பேசுவான், சீனத்தில் திட்டுவான். ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தட்டிப் பார்த்து அடுக்கினோம். பதினோராயிரத்து இருநூற்று ஆறு ஓட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் உடைசல். உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனையில் மட்டும் உளுத்திருந்தன. முனையை அறுத்து விட்டுப் புதுக் கட்டை ஒட்டுப் போட்டான். வயிறு தள்ளிய சுவரை இரும்புப் பட்டை கொடுத்து இழுத்து நிறுத்தினோம். தூண்களில் காறை கொட்டிய இடத்தை மட்டும் சுரண்டிப் பூசினோம். இவ்வளவும் நன்றாகத்தான் நடந்தது.

அடுப்படிக் கூரைக்குச் சுவர்மேல் நீளவாக்கில் படுக்கும் மரம் வேண்டும். நாற்பத்தைந்து அடிக்கு, பதினைந்து அடியில் மூன்று மரமாக அறுவை ஆலைக்கு எழுதிக் கொடுத்தேன். அடுப்பு அணைந்த பிற்பகல்களில் ஆறு நாள் அந்த வேலை நடந்தது. ஆறு நாளும் நான் முன்கட்டில்தான் நின்றேன்.

இரண்டாம் நாள் ஆ பெங் ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

“கிராணி, மரம் பத்தல.”

“எவ்வளவு?”

“அஞ்சடி.”

ஓடிப்போய், மீதியிருந்த மரங்களை அளந்தேன். ஒரு மரம் பதினான்கடி பத்தங்குலம் இருந்தது. இரண்டு அங்குலம் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டேன். ஆலைக்காரனை வரவழைத்து அரைமணி நேரம் சத்தம் போட்டேன்.

ஆ பெங் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். “மரம் பெண்டெக் இல்ல லா, கிராணி. ரூமா பஞ்சாங்,” என்றான். மரம் குட்டையில்லை, வீடுதான் நீளம்.

“ஒட்டுப் போடற இடத்துல மேலேறி நிக்குது, அதான் குறையுது. இன்னொரு அஞ்சடி வாங்கிப் போடு,” என்றேன்.

இரண்டு அங்குலத்துக்குப் போட்ட சத்தத்தில் ஐந்து அடி என் காதில் விழவில்லை.

திரை எதற்கு

இனி முளைக்கு வருகிறேன். முதல் தடவையாக அந்த அடுப்படிக்குள் போனேன். கதீஜா பீவியைத் தவிர, கூடை தூக்கும் ஒன்பது பேரில் ஒருவரான மொய்தீன் ஓரத்தில் உட்கார்ந்து பெரிய தேக்சாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“முழம் போட்டது நான்தான்,” என்றார் கதீஜா பீவி. “தப்பு என்னோடதா?”

“உங்க முழம் சரி. நான் பெருக்குனதுதான் தப்பு.”

நாடாவை நீட்டினேன். அவரே முழங்கையில் வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்துப் பிடித்தார். இருபது அங்குலம். எனக்குப் பதினேழே முக்கால். புத்தகத்து முழத்தைவிட ஒரு முழத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதல். முப்பது முழத்துக்கு அறுபது. ஐந்து அடி. என் பிளானில் ஓர் அடி மிச்சம், தரையில் நான்கு அடி அதிகம். அந்த நான்கு அடிக்குள் கிணறு.

“இந்த நாடாவோட நீங்களே உள்ள வந்திருக்கலாமே?”

“திரை போட்டிருந்துச்சு அக்கா. பொம்பளைங்க புழங்குற எடம்னு…”

மொய்தீன் சுரண்டுவதை நிறுத்தினார். “எந்தப் பொம்பளைங்க? நாங்க ஒம்பது தடியனுங்க தெனம் இங்கதான சோறு அள்ளுறோம். எங்களைப் பாத்தா என்ன மாதிரித் தெரியுது?”

“நீ சும்மா இரு,” என்றார் கதீஜா பீவி. என்னிடம், “அது பொகைக்குப் போட்ட திரை கிராணியாரே. முன்கட்டுல பொகை அடையுதுன்னு மரைக்காயர் சொன்னாரு, பாய்த்துணி வாங்கித் தச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

“அப்படின்னா, உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க?”

அவர் என் நெற்றியைப் பார்த்தார்.

“பட்டை பட்டையாத் திருநீறு. பேருக்குப் பின்னால பிள்ளை. இங்க மாட்டெறைச்சி வேகுது. வாங்கன்னு சொல்லி, உங்களுக்குச் சங்கடமாயிட்டா? மாட்டேன்னு சொல்லவும் முடியாம வரவும் முடியாம நிப்பீங்களேன்னுதான் சொல்லல. தண்ணிகூட எங்க கையால குடுக்கல, பாத்தீங்களா? எளநியை வெட்டாமத்தான அனுப்புனேன்.”

“ராத்தா எளநி வாங்குற காசுல ஒரு நாடா வாங்கியிருக்கலாம்,” என்றார் மொய்தீன்.

அவர் அழைத்திருந்தால் நான் போயிருப்பேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். போயிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது. இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். அன்று அவரிடம் சொல்லவில்லை. மரியாதைக்காக மட்டும் நான் வெளியே நிற்கவில்லை. நாடா அழுக்காகிவிடும் என்றும் நின்றேன்.

நூற்று ஐந்து

“மரைக்காயர்ட்டப் போய்ச் சொல்லிடறேன்,” என்றேன். “பிளானைத் திருத்தி மறுபடி குடுத்துடறேன்.”

“குடுத்தா என்ன ஆகும்?”

“அனுமதி போயிடும்.”

“அப்புறம்?”

“இடிக்கணும்.”

“இவ்வளவும் பழுது பாத்த பெறகா?”

நான் தலையசைத்தேன்.

“அப்பச் சொல்லாதீங்க.”

“சொல்லாட்டியும் இன்ஸ்பெக்டர் வருவாரு. பன்னெண்டு நாள்தான் இருக்கு. அவரும் நாடா கொண்டாருவாரு.”

கதீஜா பீவி அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவித் தண்ணீரில் நனைத்துப் போட்டார். யோசிக்கிறார் என்று தெரிந்தது.

“உங்க பிளான்ல வீடு எத்தனை அடி?”

“நூத்தியஞ்சு.”

“அப்ப வீட்டை நூத்தியஞ்சு ஆக்கிடுவோம்.”

“கிணறு வெளிய போயிடுமே அக்கா.”

“எனக்கும் கண்ணு இருக்கு,” என்றார்.

மறுநாளே ஆ பெங் ஆட்களைக் கொண்டுவந்தான். கோடு நூற்று ஆறில்தான் இருந்தது. நான்கு அடி இடித்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் இன்ஸ்பெக்டர் கையில் இருக்கப்போவது என் பிளான். அதில் நான் மிச்சம் காட்டியிருந்த ஓர் அடியையும் சேர்த்து இடித்தாக வேண்டும். ஐந்தாவது அடுப்பு அந்த ஓர் அடிக்குள் இருந்தது. அதுவும் போயிற்று.

பழைய பின்சுவர் லேசில் விழவில்லை. மூன்று நாள் ஆயிற்று. செங்கல்கள் இந்தக் காலத்துச் செங்கல்லைவிட ஒரு விரற்கடை அகலம். முழுசாகத் தேறியவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. அவற்றை வைத்தே நூற்று ஐந்தாவது அடியில் புதுச்சுவர் எழுப்பினோம், கிணற்றுக்குப் போக ஒரு சின்னக் கதவு விட்டு. கூரையில், நான் கூடுதலாக வாங்கிப் போடச் சொன்ன ஐந்தடி மரத்தை ஆ பெங் அறுத்துக் கீழே தள்ளினான்.

“பிளான் பாகுஸ்,” என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “ரூமா சாலா.” பிளான் நல்ல பிளான், வீடுதான் தப்பு.

இன்ஸ்பெக்டர் வந்தார். மரைக்காயரும் வந்தார். இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர்; தாமே குனிந்து நாடாவைப் பிடித்தார். திரையைத் தாமே விலக்கிக்கொண்டு போனார், தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை. நூற்று ஐந்து அடி, அரை அங்குலம். என் பிளானைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இத்தனை பழைய வீடு பிளானோடு இவ்வளவு ஒத்துப்போய் நான் கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி என் கையைக் குலுக்கினார்.

“பிள்ளை, அடுப்படி சின்னதாயிட்ட மாதிரி இருக்கே?” என்றார் மரைக்காயர்.

“புதுச் சுண்ணாம்பு, கண்ணு கூசுது. அதான் அப்படித் தெரியுது,” என்று கதீஜா பீவி சொன்னார்.

மரைக்காயர் இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். “இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு அடுப்பில் ஒன்பது பேருக்கு ஆக்க முடியவில்லை. இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். அவர்களில் மொய்தீன் ஒருவர்.

மண் வண்டி

சந்து வேலை அந்த வீட்டுப் பின்புறம் வந்து சேர மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை சின்னக் கதவு வழியாகக் கிணற்றில் இறைத்தார்கள். பிறகு ஒரு காலை, மறுநாள் மண் வண்டி வரும், கிணற்றைத் தூர்த்துவிடுவோம் என்று வேலைக் கங்காணி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குடம், அண்டா, தேக்சா, கழுவின சாடி, ஆ பெங் விட்டுப்போன சுண்ணாம்புத் தொட்டி. வேறிடம் போன மொய்தீனும் வந்திருந்தார். நானும் ஒரு முறை கயிற்றைப் பிடித்தேன். ஏழாவது குடத்தில் உள்ளங்கை கன்றிவிட்டது.

“விடுங்க கிராணியாரே, எழுதுற கை,” என்று கதீஜா பீவி வாங்கிக்கொண்டார். நான்கு இழுப்பில் வாளி மேலே வந்தது.

எண்பத்துமூன்று குடம். பாத்திரம் தீர்ந்துவிட்டது. அதன் பின்னும் யாரும் நிறுத்தவில்லை. இறைத்து இறைத்து அடுப்படித் தரையில் ஊற்றிக் கழுவினார்கள், சுவரில் ஊற்றினார்கள், வாசல் வரை ஓடவிட்டார்கள். வாளி அடியில் முட்டி மணலோடு வந்தது. அப்போதுதான் அவர் போதும் என்றார். எல்லாரும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தோம்.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் எழுந்து தொழப் போனார்கள். நான் புறப்படுமுன் சின்னக் கதவு வழியாகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஊறி, பாசி பிடித்த பழைய மட்டத்துக்கே வந்து நின்றது. வானம் அதில் தெரிந்தது.

கதீஜா பீவியும் வந்து பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

“அதுக்கு இன்னும் யாரும் சொல்லல போல,” என்றார்.

மறுநாள் பதினொரு வண்டி மண் பிடித்தது.